மறு: மினரல் டஸ்ட் – "கனிமத் தூசி" போதுமா?

வணக்கம் ஐயா. மினரல் டஸ்ட் என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> "கனிமத் தூசி" என்றே வைத்துக்கொள்ளலாம். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான். ஆனால் தூசி என்றால் துணியிழை, மகரந்தம், புகைக்கரி எல்லாம் அதற்குள் வந்துவிடும். இங்கே பேச்சு, வறண்ட நிலத்திலிருந்து காற்று அள்ளிச் செல்லும் மண்ணைப் பற்றியது. அதற்குப் புழுதி என்று தனிச்சொல்லே நம்மிடம் இருக்கிறது. "கனிமப் புழுதி" என்பது என் பரிந்துரை.

வெறும் புழுதி போதாதா என்றால், போதாது. ஹேமடைட் என்னும் இரும்புக் கனிமம் மிகுந்த செம்புழுதி வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். வெளிர்நிறக் களிமண் புழுதி ஒளியைத் திருப்பி அனுப்பும். சஹாராப் புழுதி அட்லாண்டிக்கைக் கடந்து அமேசான் காட்டுக்குப் பாஸ்பரஸ் சேர்ப்பதும், கடலில் விழுந்து மிதவை உயிரிகளுக்கு இரும்பு கொடுப்பதும் அதிலுள்ள கனிமத்தின் வேலைதான். 2022-இல் நாசா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய எமிட் கருவியும் இதற்காகவே: பாலைநிலங்களில் பட்டுத் திரும்பும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து, எங்கே எந்தக் கனிமம் கிடக்கிறது என்று வரைபடமாக்குகிறது.

"துகள்" என்ற சொல்லை இதனோடு கலக்க வேண்டாம். அது அளவைச் சொல்வது. காற்றை வடிதாள் வழியே இழுத்து, அதில் படிந்ததை எடைபோட்டால் 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள் எவ்வளவு என்று தெரியும். அதில் மண் எவ்வளவு, கரி எவ்வளவு என்று தெரியாது. அலுமினியம், சிலிக்கான் போன்ற தனிமங்களை அளந்துதான் புழுதியின் பங்கைக் கணக்கிட வேண்டும்.

காற்றில் மணல் குதித்துக் குதித்து நகரும் சால்டேஷனுக்குத் "துள்ளல்" போதும். பருமணல் காற்றில் நிலைக்காது. துள்ளி விழுந்து தரையில் மோதும்போது நுண்புழுதி கிளம்புகிறது. (கலிப்பாவின் துள்ளலோசை நினைவுக்கு வருபவர்கள் பொறுத்தருள்க.)

ஆப்டிகல் டெப்த்துக்கு "ஒளியியல் ஆழம்" வேண்டவே வேண்டாம். சூரிய ஒளியை வழியில் துகள்கள் எந்த அளவுக்கு மறிக்கின்றன என்று காட்டும் எண் அது. ஆழம் எங்கே வந்தது? "ஒளிமறிப்பெண்" என்று சேர்த்து எழுதிப் பார்த்தேன், கடைசியில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். "ஒளிமறிப்பு எண்" என்று பிரித்தே எழுதுவோம்.

காற்றில் மிதக்கும் நுண்துகள்களையும் துளிகளையும் குறிக்கும் ஏரோசாலுக்குத் "தூசிப்படலம்" என்பதை ஏற்க எனக்கு மனமில்லை. கடலுப்பும் கந்தக அமிலத் துளியும் தூசியா? வேறு சொல் தோன்றியவர்கள் எழுதுங்கள்.