உலாவி திருந்தியபோது உடைந்த பக்கங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:

2007ஆம் ஆண்டில் மட்டக்களப்பு நகரில் சிறிய இணையக் கஃபே ஒன்றை நடத்திக்கொண்டே ஊர்ச் சங்கங்களுக்கு வலைத்தளம் செய்து கொடுத்துவந்தேன். அவற்றுள் ஒரு விளையாட்டுக் கழகத்தின் தளத்தில் எனக்குத் தனிப் பெருமை இருந்தது. இடப்பக்கம் பட்டியல், நடுவில் செய்திகள், வலப்பக்கம் மரண அறிவித்தல்கள் என மூன்று நிரல்கள். 800 பிக்சல் அகலத் திரைகளே எங்கும் இருந்த காலம் என்பதால், 180, 400, 180 என்று கணக்கிட்டு மொத்தத்தையும் 760க்குள் அடக்கியிருந்தேன். ஒரு நாள் கழகச் செயலாளரின் தம்பி கட்டாரிலிருந்து அழைத்து, "அண்ணன், மரண அறிவித்தல் எல்லாம் பக்கத்தின் அடியில் போய்க் கிடக்குது, என்ன செய்து வச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டார். நான் எதையும் தொட்டிருக்கவில்லை. என் கடையிலிருந்த எட்டுக் கணினிகளிலும் பக்கம் இருந்தபடியே இருந்தது.

அவர் வாங்கியிருந்த புதிய கணினியில் விண்டோஸ் விஸ்டாவுடன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியின் 7ஆம் பதிப்பு வந்திருந்தது. எங்களிடம் இருந்ததோ 6ஆம் பதிப்பு. 7ஆம் பதிப்பு 2006 ஒக்டோபரிலேயே வெளிவந்திருந்தாலும், விண்டோஸ் அசல்தானா என்று சோதித்த பின்பே தன்னை நிறுவ இடம் தந்தது. அந்தச் சோதனையை மைக்ரோசொஃப்ட் கைவிட்டது 2007 ஒக்டோபரில்தான். என் கடையின் விண்டோஸ் எப்படிப்பட்டது என்பதை இதற்கு மேல் விளக்க விரும்பவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் சென்றது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழிக்கு 1996இல் வெளியான முதலாவது தரத்தின்படி, ஒரு பெட்டிக்கு நாம் எழுதும் அகலம் உள்ளடக்கத்துக்கு மட்டுமே உரியது. பெடிங் எனப்படும் உள் இடைவெளியும் கரையும் அதற்கு வெளியே கூடும். எக்ஸ்ப்ளோரரின் பழைய பதிப்புகளோ அவற்றை அகலத்துக்குள்ளேயே அடக்கிக் கணக்கிட்டன. அந்தப் பிழையை ஒரே நாளில் திருத்தினால், பிழையை நம்பி எழுதப்பட்ட எண்ணற்ற பக்கங்கள் குலைந்துவிடும். ஆகவே, பக்கம் எந்தத் தரத்தில் எழுதப்பட்டது என்று சொல்லும் டாக்டைப் வரி அதன் தலையில் சரியாக இருந்தால் தரத்தின்படியும், இல்லாவிட்டால் பழைய வழக்கத்தின்படியும் வரைவது என்ற உபாயம் பிறந்தது. அதை முதலில் கொண்டுவந்தது 2000ஆம் ஆண்டில் மெக் கணினிக்காக வெளியான எக்ஸ்ப்ளோரர் 5; விண்டோஸில் 6ஆம் பதிப்பு அதைப் பின்பற்றியது.

நான் டாக்டைப் எழுதியிருந்தேன். ஆனால், எங்கோ பார்த்துப் படியெடுத்த எக்ஸ்எம்எல் அறிவிப்பு வரி ஒன்றையும் அதற்கு மேலே வைத்திருந்தேன். டாக்டைப்புக்கு முன்னால் அப்படி ஒரு வரி இருந்தால், 6ஆம் பதிப்பு டாக்டைப்பையே காணாததுபோலப் பழைய வழக்கத்துக்குப் போய்விடும். 7ஆம் பதிப்பு அந்தக் குறையை நீக்கி, என் பக்கத்தை முதன்முறையாகத் தரத்தின்படி வாசித்தது. ஒவ்வொரு நிரலுக்கும் இரு பக்கமும் பத்துப் பத்து பிக்சல் இடைவெளி கூடி, 760 என்பது 820 ஆனது. மூன்றாவது நிரல் இடமில்லாமல் கீழே விழுந்தது. வெட்கத்தோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். பயர்பொக்ஸ் உலாவியைப் பாவித்தவர்களுக்கு அது முதல் நாளிலிருந்தே கீழேதான் கிடந்திருக்கும். ஒருவரும் சொல்லவில்லை, நானும் திறந்து பார்க்கவில்லை.

திருத்தும் உலாவி பழைய பக்கங்களுக்கும் பொறுப்பேற்கவேண்டும் என்றே நான் அன்றிலிருந்து நினைக்கிறேன். 2013இல் கல்லடியில் புதிய பாலம் திறந்தபோது பழைய பாலத்தை யாரும் உடைத்துப் போடவில்லையே.

அக்கரைப்பற்றிலிருந்து:

கல்லடி சேர் சொல்வதில் பாதியை மட்டுமே என்னால் ஏற்க முடியும். நான் கணினி கற்பிக்கும் ஆசிரியை. எங்கள் கல்வி வட்டத்தினர் சாதாரண தர மாணவர்களுக்காக வினாத்தாள்களையும் குறிப்புகளையும் சேர்த்து ஒரு தளம் வைத்திருந்தார்கள். எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால், கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு இருந்தால் மட்டுமே அது தமிழ். வாசகரின் கணினியில் அது இராது என்பதால், எக்ஸ்ப்ளோரர் 4 முதல் வழங்கிவந்த வசதியின்படி, பக்கத்தோடு தானாக இறங்கும் எழுத்துருவை இணைத்திருந்தார்கள். எழுத்துருவை இணைக்கும் விதி 1998இன் சிஎஸ்எஸ் 2 தரத்திலேயே இருந்தது. ஆனால், எக்ஸ்ப்ளோரர் கேட்ட கோப்பு வடிவத்தை மற்ற உலாவிகள் ஏற்கவில்லை.

பிறகு பாடசாலைக் கணினிகளில் பயர்பொக்ஸ் வந்தது. மாணவர்கள் தளத்தைத் திறந்து, "மிஸ், இது என்ன பாஷை?" என்று கேட்டார்கள். 2009இல் பயர்பொக்ஸ் 3.5 சாதாரண ட்ரூடைப் எழுத்துருக்களைப் பக்கத்தோடு இறக்கத் தொடங்கியபோது, அந்தக் கோப்பையும் கூடவே வைத்து நிலைமையைச் சமாளித்தோம். பார்வைக்குத் தமிழ் திரும்பியது. ஆனாலும், அந்தப் பக்கங்களைத் தேடுபொறியில் தமிழில் தேடி எந்தப் பிள்ளையாலும் கண்டெடுக்க முடியவில்லை. ஒரு வசனத்தைப் படியெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் மீண்டும் அதே ஜே, கே, பி, ஓ.

உலாவி இதில் எதைக் காப்பாற்றியிருக்க முடியும்? தான் ஆங்கிலம் என்றே அந்தப் பக்கம் சொல்கிறது. உலாவி அதை நம்புகிறது. ஆகவே பழுதைப் பக்கத்திலேயே பார்க்கவேண்டியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களை விடுமுறை நாட்களில், ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடுக்கு மாற்றினோம். எழுத்துக்கு எழுத்து மாற்றுவது இலகு. ஒழுங்கை மாற்றுவதுதான் சிரமம். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டப்படும், யூனிகோடிலோ மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். ஒகர வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்கும் கொம்பும் அரவும் ஒரே குறியாகச் சேரவேண்டும். மாற்றி தவறவிட்ட கொம்புகளைக் கண்ணால் தேடித் திருத்திய அந்த நாட்களை நான் மறக்கமாட்டேன்.

வந்தாறுமூலையிலிருந்து:

டீச்சரின் வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால், பக்கத்தைத் திருத்த ஆள் இருந்தபடியால்தான் அவர்களால் அது முடிந்தது. என் அனுபவத்தில் ஆளே இல்லை. 2022 மே மாதம் பயர்பொக்ஸ் 100 வெளிவந்த வாரத்தில், ஒரு பயிற்சிநெறிக்கான விண்ணப்பப் பக்கம் என்னை உள்ளே விடாமல், "உங்கள் உலாவி மிகப் பழையது, புதுப்பிக்கவும்" என்றது. முந்திய நாள்தான் புதுப்பித்திருந்தேன். பக்கத்தின் மூலக் குறிமுறையைத் திறந்து பார்த்தபோது, உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் வரியிலிருந்து பதிப்பு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் அது எடுப்பது தெரிந்தது. 100இல் முதல் இரண்டு இலக்கம் 10. பக்கத்தில் இருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்தேன். செய்து கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார், கடவுச்சொல் தங்களிடம் இல்லை என்றார்கள்.

இதே கதை முன்பும் நடந்திருக்கிறது என்பதைப் பிறகுதான் வாசித்தேன். 2009இல் ஒபேரா என்ற உலாவியின் 10ஆம் பதிப்பு வெளியானபோது, முதல் இலக்கத்தை மட்டும் வாசித்த தளங்கள் அதை 1ஆம் பதிப்பு என்று கருதின. ஆகவே ஒபேரா தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டு, உண்மையான எண்ணை வரியின் வேறோர் இடத்தில் வைத்தது. 2022இல் குரோம் குழுவினரும், உடையும் தளங்கள் அதிகமானால் எண்ணை 99இலேயே நிறுத்திவிடும் மாற்றுத் திட்டத்தைக் கைவசம் வைத்திருந்தார்கள். கடைசியில் அது தேவைப்படவில்லை. பயர்பொக்ஸோ குறிப்பிட்ட தளங்களுக்கு மட்டும் வேறு அடையாளத்தைக் காட்டும் தனித்தனி ஒட்டுகளை உலாவிக்குள்ளேயே வைத்திருக்கிறது.

தரத்தை எழுதுபவர்களும் இதற்கு வளைந்துகொடுத்திருக்கிறார்கள். 2018இல், வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் அணிகளுக்கு (தரவு வரிசைகளுக்கு) 'ஃப்ளாட்டன்' என்ற புதிய செயலைச் சேர்க்க முயன்றபோது, அதே பெயரை முன்பே தன் போக்கில் சேர்த்துவைத்திருந்த மூடூல்ஸ் என்ற பழைய ஆயத்தக் குறிமுறைத் தொகுப்பை நம்பிய தளம் ஒன்று உடைந்தது. சில வாரங்கள் கேலியும் சண்டையுமாகக் கழிந்தபின், பெயரை 'ஃப்ளாட்' என்று சுருக்கிவிட்டார்கள். யாரோ ஒருவர் பத்து வருடத்துக்கு முன் கட்டிவிட்டுப் போன தளத்துக்காக மொழியே பெயரை மாற்றிக்கொண்டது எனக்கு வியப்பாகவே இருந்தது.

மீண்டும் கல்லடியிலிருந்து:

வந்தாறுமூலைத் தம்பி சொன்ன அந்த "கடவுச்சொல் இல்லை" என்ற பதிலை நானும் சிலருக்குச் சொல்லியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். டீச்சரிடம் கேட்க ஒன்று உண்டு: யூனிகோடுக்கு மாற்றியபோது பழைய முகவரிகளை அப்படியே வைத்தீர்களா?

என் கதையின் மிச்சம் இதுதான். எக்ஸ்ப்ளோரர் 8 வருவதற்கு முன், 2008 ஜனவரியில், பக்கம் கேட்டாலன்றிப் புதிய முறையில் வரையமாட்டோம் என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததும் மார்ச்சில் நிலைப்பாட்டை மாற்றி, தரமே இயல்பான வழி, பழைய முறை வேண்டுவோர் தலைப்பில் ஒரு வரி சேர்க்கட்டும் என்றது. முதல் அறிவிப்பின்போது நான் ஆறுதலடைந்தேன், இரண்டாவதில் எரிச்சலடைந்தேன். ஆனால் அதற்குள் எக்ஸ்எம்எல் வரியை நீக்கி, அகலங்களை 160, 380, 160 என்று குறைத்துவிட்டிருந்ததால், 8ஆம் பதிப்பு வந்தபோது எதையும் தொடவேண்டியிருக்கவில்லை.

கழகம் கலைந்துபோய்ப் பல வருடமானாலும், தளத்துக்கான வாடகையை நான்தான் இன்னும் கட்டுகிறேன். தொலைபேசிக்கு என்று அதில் ஒரு வரியும் எழுதவில்லை. அப்படி எழுதப்படாத பக்கங்களை, 980 பிக்சல் அகலத் திரை இருப்பதாகப் பாவனை செய்து வரைந்து, பின்பு சுருக்கிக் காட்டும் வழக்கத்தை முதலாவது ஐபோன் தொடக்கிவைத்தது. மற்ற உலாவிகளும் அதைக் கைக்கொண்டன. நேற்று என் மகளின் தொலைபேசியில் திறந்து பார்த்தேன். எழுத்து எறும்பளவுதான், இரு விரலால் விரித்தே வாசிக்கவேண்டியிருந்தது. மரண அறிவித்தல் வலப்பக்கத்திலேயே இருந்தது.