அண்ணன் வாங்க நினைக்கும் மார்க் 11: எங்கள் குடும்பக் குழுவில்

அண்ணன் (லண்டன்): [4 படங்கள்]

அண்ணன் (லண்டன்): சித்தப்பா, இதைக் கொஞ்சம் பாருங்கள். ஐடபிள்யூசி என்ற சுவிஸ் கம்பெனியின் மார்க் 11 கைக்கடிகாரம். பின்மூடியில் பிரிட்டிஷ் அரசின் சொத்து என்று காட்டும் அம்பு முத்திரை, 6பி/346 என்ற ராணுவப் பொருள் எண், அதன்கீழ் ஒரு எண், கடைசியில் /51, அதாவது 1951. பிரிட்டிஷ் விமானப்படை கொடுத்த அசல் என்கிறார் விற்பவர். இந்த வாரத்துக்குள் பதில் சொல்லணும்.

அண்ணி: மாமா, விலையையும் கேளுங்கள். பல லட்சம்.

அத்தை (மதுரை): கைக்கடிகாரத்துக்கா? தங்கமா கண்ணா?

அண்ணன் (லண்டன்): இல்லை அத்தை, ஸ்டீல்தான். 36 மி.மீ., சாவி கொடுக்கிற வாட்ச், தேதிகூடக் காட்டாது.

சித்தப்பா (தாம்பரம்): படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தம்பி, விலை பேசுவதற்கு முன்னால் இதை எதற்காகச் செய்தார்கள் என்று தெரிந்துகொள், அப்போதுதான் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது புரியும்.

சித்தப்பா (தாம்பரம்): பைலட் வாட்ச் என்று எல்லோரும் சொன்னாலும் இதை உயிராக நம்பியிருந்தவர் நேவிகேட்டர், விமானத்தில் வழி கணக்கிடுபவர். ராத்திரியில் கடலுக்கு மேல் பறக்கும்போது கீழே பார்த்து இடம் சொல்ல ஒன்றும் கிடையாது. செக்ஸ்டன்ட் வைத்து நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, அளந்த நொடியைக் குறித்துக்கொண்டு, அட்டவணையைப் பார்த்துத்தான் விமானம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட வேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அந்தக் கணக்கில் 4 நொடி தவறினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் தவறும். அரை நிமிடம் தவறினால் ஏழரை மைல். எரிபொருள் குறைந்துகொண்டே வரும் நேரத்தில் அந்த ஏழரை மைல் என்ன செய்யும் என்று யோசித்துப் பார்.

நான்: அதனால்தான் சாவி கொடுக்கும் திருகை வெளியே இழுத்தால் நொடி முள் நின்றுவிடுகிறதா?

சித்தப்பா (தாம்பரம்): ஆமாம். ரேடியோ நேரத்தோடு நொடி பிசகாமல் சேர்த்து வைப்பதற்கு. உள்ளே இருக்கும் இயந்திரம் காலிபர் 89, 17 கல், ஆல்பர்ட் பெலட்டோன் வடிவமைத்தது. இன்னொரு முக்கியமான விஷயம் காந்தம். ரேடியோ, ரேடார், மோட்டார் என்று விமானத்துக்குள் காந்தப் புலத்துக்குப் பஞ்சமே இல்லை, வேகத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறிவிட்டால் நேரம் தாறுமாறாக ஓடும். அதனால் இயந்திரத்தைச் சுற்றி மெல்லிரும்பில் ஒரு கூடு வைத்தார்கள். அந்தக் கூட்டின் மேல்பக்கம் எது தெரியுமா? டயலேதான், அதுவும் மெல்லிரும்பு. உள்ளே இன்னொரு இரும்பு மூடி இருக்கும். யாராவது சர்வீஸ் செய்யும்போது அதைத் தொலைத்திருந்தால் வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. திறந்து எடுத்த படம் கேள்.

அண்ணன் (லண்டன்): கேட்கிறேன் சித்தப்பா. கேஸில் கீறல் நிறைய இருக்கிறது, இலவசமாகவே பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றார்.

சித்தப்பா (தாம்பரம்): வேண்டவே வேண்டாம்!! இப்போதே அவருக்கு மெசேஜ் போடு, ஒரு துணிகூடப் படக்கூடாது என்று சொல். பாலிஷ் போட்டால் பின்மூடியில் வெட்டிய எழுத்து மழுங்கிவிடும், ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் விளிம்பு உருண்டுவிடும், அப்புறம் உலகத்தில் யாராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நீ கொடுக்கும் பணத்தில் பாதி அந்த எழுத்துக்கும் கீறலுக்கும்தான்.

நான்: சித்தப்பா, மூன்றாவது படத்தில் டயலில் வட்டத்துக்குள் ‘டி’ என்று ஓர் எழுத்து இருக்கிறது. டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் பூசியது என்று அர்த்தமாம். 1951இல் ஒளிரும் பூச்சு ரேடியம்தானே? அப்படியென்றால் டயல் மாற்றியதா?

சித்தப்பா (தாம்பரம்): நல்ல கண். மாற்றியதுதான், ஆனால் மாற்றியது ராணுவமே. ரேடியம் ஆபத்து என்பதால் 1960களில் பணியில் இருந்த கடிகாரங்களை வாங்கி டிரிட்டியம் பூசி, வட்டத்துக்குள் ‘டி’ போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அதுவும் இந்தக் கடிகாரத்தின் வாழ்க்கைதான். 1981 வரைக்கும் இவை பணியில் இருந்தன. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. ஐடபிள்யூசி இதே மாடலைப் பொதுமக்களுக்கும் விற்றது, அவற்றில் அம்பு இருக்காது. அப்படி ஒன்றை எடுத்து அம்பு அச்சடித்து, பின்மூடியில் எண் வெட்டி, ராணுவ வாட்ச் என்று விற்கிறார்கள். அம்பு டயலிலும் பின்மூடியிலும் மட்டும் போதாது, உள்ளே இயந்திரத்தின் மேலும் இருக்க வேண்டும். டயல் எழுத்தின் ஓரம் கசிந்திருந்தாலோ, பூச்சு ராத்திரி முழுக்கப் பச்சையாக எரிந்தாலோ ஒதுங்கிவிடு. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12 வருடம் சொச்சம்தான், இத்தனை வருடம் கழித்து அது அப்படி ஒளிர வழியில்லை.

அண்ணி: மாமா, ரேடியம் என்றீர்களே. வீட்டில் குழந்தை தவழ்கிறாள். எதை எடுத்தாலும் வாயில்தான். எனக்கு இதுதான் கவலை, பணம்கூட இல்லை.

சித்தப்பா (தாம்பரம்): சரியான கவலை அம்மா. ஒளி செத்துப்போனாலும் ரேடியம் சாகாது. மங்கிப்போவது அதோடு கலந்த, அதன் கதிர் பட்டு ஒளிரும் துத்தநாக சல்பைடு மட்டும், ரேடியத்தின் அரை ஆயுள் 1600 வருடம். அமெரிக்காவில் நியூஜெர்சியில் 1920களில் டயலுக்கு ரேடியம் பூசிய பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கியே தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். உள்ளே போவதுதான் பெரிய ஆபத்து. மூடியிருக்கும் வரை தூசி வெளியே வராது. பழைய பூச்சு உதிரும், அதனால் வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. இதில் டிரிட்டியம் பூசியிருந்தாலும் முள்ளில், கேஸுக்குள் பழைய ரேடியம் மிச்சம் இருக்கலாம். கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியில் அளந்து காட்டச் சொல்லுங்கள். ரேடியம் இருப்பதாகத் தெரிந்தால் என் பேச்சு, இப்போதைக்கு வேண்டாம், குழந்தை வளரட்டும். கடிகாரம் வரும் போகும்.

அண்ணி: நன்றி மாமா. அளவு பார்த்த பிறகுதான் பணம்.

அண்ணன் (லண்டன்): சரி, ஒத்துக்கொள்கிறேன். இயந்திரப் படம், உள் மூடி, கைகர் அளவு, மூன்றும் வந்தால்தான் அடுத்த பேச்சு.

சித்தப்பா (தாம்பரம்): ஸ்ட்ராப் மாட்டும் கம்பியையும் பார். அசலில் கம்பி கேஸோடு பொருத்தியிருக்கும், கழற்ற வராது. அதனால்தான் ஒரே நீளத் துணி ஸ்ட்ராப்பை அடியில் கோத்துப் போடுவார்கள்.

அத்தை (மதுரை): தம்பி, உங்கள் அத்தான் கட்டிக்கொண்டிருந்தாரே எச்எம்டி பைலட், கறுப்பு டயல், அதுவும் பட்டாளத்து வாட்சா? பீரோவில் இருக்கிறது.

சித்தப்பா (தாம்பரம்): அதில் அம்பு, பட்டாள எண் ஒன்றும் இருக்காது அக்கா. நாம் எல்லோரும் கடையில் வாங்கியதுதான். ஆனால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எச்எம்டி கடிகாரப் பிரிவையே 2016இல் மூட முடிவு செய்துவிட்டார்கள், அந்தக் காலத்து அசல் இனி வராது. இப்போது இணையத்தில் விற்கிற எச்எம்டி பைலட்டில் ஏகப்பட்டது புதிதாக டயல் அச்சடித்த கலப்படம். அத்தான் கையில் இருந்தது அசல்.

அத்தை (மதுரை): ஓடவில்லை. டயலும் மங்கிவிட்டது. இங்கே கடையில் கேட்டேன், புது டயல் போட்டுப் பளபளவென்று தருகிறேன் என்றான்.

சித்தப்பா (தாம்பரம்): கொடுக்காதீர்கள் அக்கா! எண்ணெய் காய்ந்திருக்கும், கழுவி எண்ணெய் விட்டால் ஓடும். பொங்கலுக்கு வரும்போது எடுத்து வாருங்கள், நானே திறக்கிறேன். அதுவரை சாவிகூடக் கொடுக்க வேண்டாம்.

அத்தை (மதுரை): சரிப்பா. துணியில் சுற்றி எடுத்து வருகிறேன்.

அண்ணன் (லண்டன்): விற்பவர் பதில் போட்டார். பாலிஷ் வேண்டாம் என்றதற்குச் சரி என்றார், நாளைக்குத் திறந்து படம் எடுத்து அனுப்புகிறாராம். கைகர் கருவி அவரிடம் இல்லையாம்.

சித்தப்பா (தாம்பரம்): அப்படியென்றால் கருவி உள்ளவரிடம் கொண்டுபோய் அளக்கச் சொல். இந்த வாரத்துக்குள் என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடு தம்பி, வேறு மார்க் 11 வரும்.