புதுப்பிப்பு: ஃபாகி சாவு பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேனுங்க

‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ சீரிஸ்ல எட்டாவது எபிசோடு பார்க்காதவங்க இத்தோட நிறுத்திக்குங்க.

2025 மார்ச்சுல ‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ ஆரம்பிச்சப்ப இங்க எழுதியிருந்தேன்: ஹீரோ மேட்டோட சிநேகிதன், வக்கீல் ஃபாகி நெல்சனை முதல் எபிசோடுலயே புல்ஸ்ஐங்கற கொலைகாரன் சுட்டுக் கொல்றது வெறும் அதிர்ச்சிக்குன்னு. தப்புங்க.

எங்க வீடு சோமனூர்ல. பக்கத்து வீட்டுல பதினாறு தறி. புதன்கிழமை காலையில அந்தச் சத்தத்துக்கு நடுவுலதான் முதல்ல பார்த்தேன். நேத்து ஞாயிறு, தறி லீவு. மச்சானோட ஹெட்போனை வாங்கிப் போட்டு அந்த முதல் எபிசோடை மறுபடி பார்த்தேன். மேட்டுக்குக் கண்ணு தெரியாது, ஆனா காது ரொம்பக் கூர்மை; அவன்தான் டேர்டெவில். மாடியில மேட் சண்டை போட்டுட்டே கீழ தெருவுல கிடக்கற ஃபாகியோட நெஞ்சுத் துடிப்பைக் கேக்கறான். துடிப்பு மெதுவாகுது, நின்னு போகுது. அதுக்கப்புறந்தான் புல்ஸ்ஐயை மேல இருந்து தள்ளி விடறான். இந்தத் துடிப்பு அன்னிக்கு எனக்குக் கேக்கவே இல்ல! கண்ணு தெரியாதவனோட கதையைக் காதை விட்டுட்டுப் பார்த்திருக்கேன்.

எட்டாவதுல முடிச்சு அவுருது. அந்தக் கொலையைச் செய்யச் சொன்னதே மேட்டோட பரம எதிரி மேயர் ஃபிஸ்கோட சம்சாரம் வனெஸ்ஸா. அது தெரிஞ்ச அதே ராத்திரி ஃபிஸ்குக்கு வந்த குண்டை மேட் குறுக்க பாஞ்சு வாங்கிக்கறான். ஃபாகி சாவு இல்லாம இந்தக் காட்சிக்கு எடையே இல்லீங்க.

அஞ்சாவது எபிசோடு வங்கிக் கொள்ளை பத்திச் சொன்னதுல மாத்தமில்ல. தனிக் கதைதான், ஆனா ரொம்பப் புடிச்சுது.

இன்னிக்குச் சித்திரை ஒண்ணு. நாளன்னிக்கு இந்த சீசனோட கடைசி எபிசோடு. பொழுதோட, தறி நின்னப்புறம் பார்த்துட்டு எழுதறேன்.