பப்ளிக் டொமைன்: ‘பொதுவெளி’ வேண்டாம், ‘பொதுவுரிமை’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

திறந்த அரசுத் தரவுக்கான சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. தரவு, உரிமம், பதிப்புரிமை, மீள்பயன்பாடு இவற்றில் யாருக்கும் தகராறு இல்லை. பதிப்புரிமைத் தடை இல்லாமல் ஓர் ஆக்கத்தை எவரும் பயன்படுத்தலாம் என்ற நிலையைக் குறிக்கும் பப்ளிக் டொமைனுக்கு மட்டும் ‘பொதுவெளி’, ‘பொதுக்களம்’ என்று இரண்டு சொற்கள் வரைவில் கிடக்கின்றன. இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்பேன்.

‘அறிக்கை பொதுவெளியில் இருக்கிறது’ என்று நாளிதழில் படித்தால் என்ன புரிகிறது? யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று புரிகிறது, அவ்வளவுதான். எடுத்து அச்சிடலாமா, மாற்றலாமா, விற்கலாமா என்பதற்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை. அரசுத் தரவில் சிக்கலே அங்கேதான். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவில், அரசு அமைப்புகள் பல தகவல்களைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அரசின் ஆக்கத்துக்கு அரசே முதல் உரிமையாளர். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளுக்கு அந்த உரிமை நீடிக்கும். ஆக, நேற்று இணையத்தில் ஏறிய அறிக்கை பொதுவெளியில் இருக்கிறது, பப்ளிக் டொமைனில் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், நம் பட்டியலை நம்பித் தரவை எடுத்துச் செயலி செய்கிற மாணவர்தான் மாட்டிக்கொள்வார்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. அமெரிக்கக் கூட்டரசின் ஊழியர்கள் பணியின் பகுதியாக உருவாக்குவதற்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. பிரிட்டனில் முடியரசின் பெயரில் பதிப்புரிமை இருக்கிறது, 2010 முதல் திறந்த அரசு உரிமம் கொடுத்துப் பயன்படுத்த விடுகிறார்கள். இந்தியாவில் 2017இல் வந்த அரசுத் திறந்த தரவு உரிமமும் இந்த இரண்டாவது வகைதான். வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், ஆனால் மூலத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். உரிமம் என்று ஒன்று கொடுக்கப்படுகிறது என்றாலே பின்னால் உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். அதனால் ‘திறந்த தரவு’ என்பதும் பப்ளிக் டொமைனுக்கு மாற்றுச் சொல் ஆகாது.

‘பொதுக்களம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டொமைன் நேமுக்குக் ‘களப்பெயர்’ என்று நாமே வைத்திருக்கிறோம். படிப்பவர் இணைய முகவரிப் பக்கம் போய்விடுவார்.

என் பரிந்துரை: பொதுவுரிமை. பொருள் எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அதில் யாருக்கு உரிமை என்பதைச் சொல்கிறது. பொதுவுரிமை ஆக்கம், பொதுவுரிமைக்கு வந்தது, பொதுவுரிமையாக்கினார் என்று வாக்கியத்திலும் இயல்பாக வருகிறது.

----

> என் பரிந்துரை: பொதுவுரிமை.

வணக்கம். ‘பொதுவெளி’யை நீக்குவதில் உடன்படுகிறேன். ஆனால் கட்டற்ற மென்பொருளுக்குத் தரப்படும் ஜிபிஎல் உரிமத்தைக் குனு பொது உரிமம் என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம். பொதுவுரிமை, பொது உரிமம், இரண்டும் காதில் ஒன்றுபோல விழும். நம் வாசகருக்கு நன்றாகப் பழகிய ‘நாட்டுடைமை’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? அதுவும் வேண்டாம் என்றால் ‘உரிமை நீங்கிய ஆக்கம்’ என்று விளக்கமாகவே எழுதிவிடலாமே. இன்னொரு நண்பர் தனிமடலில் ‘புறம்போக்கு’ என்பதையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார்.

----

நண்பருக்கு வணக்கம். பொது உரிமத்தோடு குழப்பம் வரும் என்பது சரியான கேள்வி. அங்கே மாற்ற வேண்டியது உரிமத்தின் பெயரை என்று நினைக்கிறேன். பொதுமக்களுக்குத் தரப்படும் உரிமம் அது, ‘குனு பொதுமக்கள் உரிமம்’ என்று எழுதினால் பொருளும் தெளிவாகும், ஒலியும் விலகும்.

நாட்டுடைமை நல்ல சொல், எனக்கும் பிரியமான சொல். ஆனால் அது ஒரு வழியின் பெயர். தமிழ்நாடு அரசு எழுத்தாளரின் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து உரிமையைப் பெற்று, நூல்களை எல்லாருக்கும் திறந்துவிடுவது நாட்டுடைமை. காலம் முடிந்து உரிமை தீர்ந்த நூலையோ, பதிப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி ஆசிரியரே உரிமையைக் கைவிட்ட நூலையோ அப்படிச் சொல்ல முடியாது. புறம்போக்கும் ஒத்துவராது. பார்க்க ஆளில்லாத இடம்போலத் தெரியும், உரிமை அரசிடம் இருக்கும், குடிசை போட்டால் அறிவிப்பு வரும். நாம் தேடுவதற்கு நேர் எதிர்.

‘உரிமை நீங்கிய’ என்பதில் எனக்கு உள்ள தடை வேறு. நீங்குவதற்கு முதலில் இருந்திருக்க வேண்டும். ஓர் ஊரில் ஒரு நாள் பெய்த மழையின் அளவு வெறும் உண்மை, அதற்கு எப்போதுமே பதிப்புரிமை இல்லை. அந்த அளவுகளைத் தேர்ந்து தொகுத்த தரவுத்தளத்துக்கு இருக்கலாம், ஏனென்றால் சட்டம் கணினித் தரவுத்தளத்தையும் இலக்கிய ஆக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது. தரவோடு வேலை செய்பவருக்கு இந்த வேறுபாடு தினமும் வேண்டியது.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். 52ஆம் பிரிவு நீதிமன்றத் தீர்ப்பு, அரசிதழ் போன்றவற்றை மறுபதிப்பு செய்வதை உரிமை மீறல் ஆகாது என்கிறது. அரசு தமிழில் வெளியிடாத ஒரு சட்டத்தை நாமே மொழிபெயர்த்து வெளியிடவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. அரசு ஏற்ற மொழிபெயர்ப்பு அல்ல என்று கண்ணில் படும் இடத்தில் குறிப்பிட்டால் போதும். தமிழில் சட்டம் படிக்க விரும்புகிறவர்களுக்கு எவ்வளவு பெரிய கதவு இது! ஆனாலும் சட்டத்தின் கண்ணில் இது ‘விதிவிலக்கு’. பொதுவுரிமை என்று எழுதக் கூடாது.

வரைவில் இப்படித் திருத்தியிருக்கிறேன்:

பொதுவுரிமை: பதிப்புரிமை முடிந்ததாலோ, கைவிடப்பட்டதாலோ, தொடக்கத்திலிருந்தே இல்லாததாலோ, எவரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தக்கூடிய நிலை. ‘பொதுவெளி’யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். காண்க: திறந்த தரவு, நாட்டுடைமை, விதிவிலக்கு.

‘எவரும் அனுமதி கேட்காமல்’ என்ற இடத்தில் ‘எந்த நோக்கத்துக்கும்’ என்பதையும் சேர்க்கலாமா? வணிகப் பயன்பாடும் அடங்கும் என்று தெரிய வேண்டும். உங்கள் கருத்தைப் பார்த்துவிட்டு மற்ற சொற்களோடு ஏற்றிவிடுகிறேன்.