நாலுவழிச் சாலை வந்த பிறகு உங்கள் ஊரில் நடந்தது என்ன? அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

பாலக்கோடு வாசி:
ஓசூர் - தருமபுரி தேசிய நெடுஞ்சாலை 844 எங்கள் பக்கம் வந்த கதை இங்கே எல்லாருக்கும் தெரியும், கல் நட்டதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. என் பெரியம்மாவுக்கு வீடு ஒரு பக்கம், தக்காளித் தோட்டமும் மாட்டுக் கொட்டாயும் மறுபக்கம். இருவழியாக இருந்தபோது வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு நடந்துவிடுவார். நடுவில் காங்கிரீட் தடுப்பு வைத்த புதிதில் ஒரு நாள் காலை நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பெரியம்மா பால் கேனைத் தடுப்பின் மேல் வைத்து, சேலையை இழுத்துச் செருகி, ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுவிட்டார். மறுகால் இந்தப் பக்கம். ஓசூர் கம்பெனி பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?” என்றார். பெரியம்மா தடுப்பு மேல் உட்கார்ந்தபடியே, “உன் வண்டி ஓடறதே என் நெலத்து மேலதான்டா, நின்னு போ” என்றார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அண்டர்பாஸ் இருக்கிறது, இல்லாமல் இல்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு அதுவரை போய்ச் சுற்றி வருவதற்குள் வெயில் ஏறிவிடும்.

பதினாறு சக்கரம்:
தொப்பூர் கணவாய் இறக்கத்தை விட்டுவிட்டு நாலுவழிச் சாலையைப் பற்றி என்ன பேச்சு? பாளையம் டோல் தாண்டி சேலம் பக்கம் இறங்குகிறேன். கட்டமேடு கழிந்ததுமே கருகின வாசம். என் வண்டியா என்று பயந்து கண்ணாடியைப் பார்த்தால், பின்னால் வருகிற லாரியில் கிளீனர் பையன் கதவுக்கு வெளியே பாதி உடம்பு தொங்க, சிவப்புத் துண்டைச் சுழற்றிக்கொண்டே வருகிறான். வாய் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. நான் இடது ஓரம் ஒடித்தேன். என்னைத் தாண்டிப் போகும்போது அவன் முகத்தைப் பார்த்தேன், மீசைகூட முளைக்காத பையன். இரட்டைப் பாலத்துக்கு முன்னாலேயே டிரைவர் மலை ஓரமாக உரசி நிறுத்திவிட்டார், உயிர்ச்சேதம் இல்லை. டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போயிருக்கிறது. 2020 டிசம்பரில் அங்கே வரிசையாக வண்டிகள் நசுங்கி நாலு பேர் போனது மறந்துவிட்டதா? 2024 ஜனவரியில் மறுபடியும் நாலு பேர். இப்போது உயர்மட்டச் சாலைக்கு வேலை நடக்கிறது. வரட்டும்.

ராயக்கோட்டை சந்தை:
பாலக்கோட்டு நண்பருக்கு: உங்கள் பெரியம்மா மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தடுப்பைக் குறை சொல்லாதீர்கள். அது இல்லாத காலத்தில் ராத்திரி ராயக்கோட்டை ரோட்டில் தக்காளி ஏற்றிய டெம்போவில் வந்திருக்கிறீர்களா? ஒரு வளைவில் எதிரே நாலு ஹெட்லைட். இரண்டு நம் பாதையில். எங்கள் டிரைவர் வண்டியைப் புளியமரத்துப் பக்கம் இறக்கினார், கிரேடுப் பெட்டி எல்லாம் சரிந்து தக்காளி என் மடியில். இப்போது எதிரே வெளிச்சமே வருவதில்லை, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போகிறேன். சுற்றிப் போக நேரம் ஆகிறது என்பதெல்லாம் ஒரு குறையா?

பாலக்கோடு வாசி:
தூங்கிக்கொண்டு போகிறவருக்குக் குறை தெரியாதுதான்.

அரூர் பென்ஷனர்:
எங்கள் ரோடு வேறு, கதை ஒன்றுதான். என் பட்டா நிலத்து மரங்களில் சுண்ணாம்பால் எண் போட்டுக்கொண்டே வந்தவர், தாத்தா வைத்த புளியமரத்துக்கு வந்ததும் டேப் பற்றாமல் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றிச் சேர்த்துப் பிடித்தார். அது போகட்டும். நில எடுப்பில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் வருட தேசிய நெடுஞ்சாலைச் சட்டம். நிலம் எடுக்கப் போகிறோம் என்று சொல்லும் 3ஏ பிரிவு அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள், நேரில் போய்க் கத்திவிட்டு வந்தால் கணக்கில் வராது. 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுடையது, பிறகு பேச்சு பணத்தைப் பற்றி மட்டும்தான். 3ஜி-யில் நிர்ணயித்த தொகை போதவில்லை என்றால் அதே பிரிவில் உட்பிரிவு 5-ன்படி ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நடுவர் விசாரணைக்கு, மனு போடலாம். 2015 முதல் இதற்கும் 2013 நில எடுப்புச் சட்டத்தின் கணக்குத்தான், 100 சதவீத ஆறுதல் தொகை உண்டு. கிணறு, போர், கொட்டாய், மரம் எல்லாவற்றுக்கும் தனி மதிப்பீடு. புளியமரத்துக்குக் காய்ப்பு மதிப்பு இருக்கிறது, விறகு விலைக்கு எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் வாரிசுச் சான்று வாங்குங்கள். பாதிப் பேருக்குப் பணம் நிற்பது அங்கேதான். தம்பி, உங்கள் பெரியம்மா பங்குக்குத் தனிப் பட்டா உட்பிரிவு ஆகிவிட்டதா?

பாலக்கோடு வாசி:
பணம் எப்போதோ வந்துவிட்டதுங்க ஐயா, நான் அதைக் கேட்கவில்லை. குறுக்கே போக வழி கேட்டேன். நடைமேம்பாலத்துக்கு மனு கொடுக்கலாம் என்கிறார்கள். பெரியம்மா ஏறிவிடுவார். மாடு?

சூளகிரி ஆட்டோ:
மாட்டை வீட்டுப் பக்கம் கொண்டுவந்து கட்டச் சொல்லுங்கள், பால் கேனோடு தடுப்பு ஏறுவது மிச்சம். எங்கள் பக்கம் தேசிய நெடுஞ்சாலை 44-ல் யாரும் அண்டர்பாஸ் வரைக்கும் போவதே இல்லை, ராங் சைடில் வந்து நேரே முட்டுகிறார்கள். போன மாசம் ஹெல்மெட்டைக் கை முட்டியில் மாட்டிக்கொண்டு எதிரே வந்த ஒருத்தன் என் ஆட்டோவைப் பார்த்து, ஓரமாகப் போகச் சொல்லி என்னிடமே கை காட்டினான். நான் போகவில்லை. அவனும் நகரவில்லை. பின்னால் நின்ற கல் லாரி ஹாரன் அடித்த பிறகுதான் இறங்கித் தள்ளிக்கொண்டு போனான்.

பதினாறு சக்கரம்:
ராயக்கோட்டை அண்ணே, நீங்கள் தூங்குங்கள், வண்டி ஓட்டுகிறவன் தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேர் ரோட்டில்தான் கண் சொருகும்.