இரண்டு வயதுக் குழந்தைக்குக் கலை வகுப்பு தேவையா?

பெருங்குடி அப்பா:
எங்கள் மகளுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது நிறைகிறது. வீட்டுக்கு அருகிலுள்ள பிளே ஸ்கூல் ஒன்றில் விசாரித்தபோது, வழக்கமான கட்டணத்துக்கு மேல் ‘கலைச் செயல்பாடுகள்’ என்ற பெயரில் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தொகை கேட்டார்கள். அதனால் மூளை வளர்ச்சி விரைவுபடும், பிற்காலத்தில் கணக்கும் வாசிப்பும் எளிதாக வரும் என்று அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்தார்கள். சுவர் முழுவதும் பிள்ளைகளின் உள்ளங்கைப் பதிவுகளால் செய்த மயில்கள் ஒட்டப்பட்டிருந்தன. எல்லா மயிலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. அந்தத் தொகையைக் கொடுப்பதில் பொருள் உண்டா என்பதை, இத்துறை அறிந்தவர்களும் பிள்ளை வளர்த்தவர்களும் சொல்ல வேண்டுகிறேன்.

ஐயவாதி:
கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘புராஜெக்ட் ஜீரோ’ என்ற கல்வி ஆய்வு மையத்தைச் சேர்ந்த எல்லன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் ஆகிய இருவரும், 1950 முதல் 1999 வரை நடந்த ஆய்வுகளிலிருந்து 188 அறிக்கைகளைத் தொகுத்து, கலைக்கல்வி பிற பாடங்களில் தேர்ச்சியைக் கூட்டுகிறதா என்று 2000-இல் ஆராய்ந்தார்கள். வகுப்பறை நாடகத்துக்கும் மொழித்திறனுக்கும், இசைக்கும் இடஞ்சார் சிந்தனைக்கும் (வடிவங்களையும் இடத்தையும் மனத்தில் கண்டு கையாளும் திறன்) தொடர்பு தென்பட்டது. ஓவியம் போன்ற காட்சிக்கலைகள் வாசிப்பையோ கணக்கையோ உயர்த்தும் என்பதற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. இதைச் சொன்னவர்கள் கலைக்கு எதிரிகள் அல்லர், கலைக்கல்விக்காகவே உழைத்தவர்கள். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளிடமே நிறுவ முடியாத ஒன்றை, இன்னும் அணையாடை கழற்றாத குழந்தையின் பேரில் அச்சடித்துக் காசு கேட்பது எவ்வகையில் நேர்மை?

மழலையர் ஆசிரியை:
அந்தத் தாளில் அச்சிட்டிருப்பது மிகை என்பதில் ஐயவாதி ஐயாவுடன் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மதிப்பெண்ணைக் கூட்டவில்லை என்பதால் ஒரு செயலுக்கு மதிப்பே இல்லை என்று முடிப்பதை ஏற்க இயலாது. தாலாட்டுப் பாடினால் கணக்கு வருமா என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை. ஒன்றரை வயதுக் குழந்தையின் கையில் கிரையானைக் கொடுத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் பார்த்தால், தன் கை போன வழியெல்லாம் ஒரு தடம் நிற்பதைக் கண்டு அது திகைப்பதும், தடத்தை மறுபடி உண்டாக்குவதற்காகவே கையை அசைப்பதும் தெரியும். உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சனும் பட்ரீசியா யோனாஸும் 1968-இல் இதைச் சோதித்தார்கள். மூன்று வயதை ஒட்டியும் அதற்குக் குறைவாகவும் இருந்த குழந்தைகளிடம், தடம் விழும் கோல் ஒன்றையும் தடம் விழாத கோல் ஒன்றையும் கொடுத்தபோது, தடம் விழாத கோலைக் குழந்தைகள் வெகு சீக்கிரம் கைவிட்டார்கள். கை ஆட்டுவதில் உள்ள இன்பம் மட்டும் என்றால் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். ‘நான் செய்தேன், அது நிற்கிறது’ என்ற அறிவு இரண்டு வயதில் சிறிய செய்தி அன்று.

ஐயவாதி:
நல்ல ஆய்வு, அது என் பக்கம்தான் பேசுகிறது. தடம் விழுந்தால் போதும் என்றால் ஆற்று மணலில் விழும், ஆவி படிந்த சன்னலில் விழும், அம்மா கோலம் போடும்போது சிந்திய மாவில் விழும். இவற்றுக்குப் பருவக் கட்டணம் கிடையாது. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அவர் பெயரைச் சொல்லித்தான் இன்று தெருவுக்குத் தெரு பள்ளிகள் நடக்கின்றன. அவரே குழந்தையிடம் வண்ணத்தைக் கொடுத்து ‘விரும்பியதை வரை’ என்று விட்டுவிடுவதைப் பெரிதாகப் போற்றியவர் அல்லர். கையையும் கண்ணையும் வேறு வேலைகளால் பண்படுத்தினால் வரைதல் பின்னால் வரும் என்று கருதியவர். பலகையின் பெயர் ஒன்று, உள்ளே நடப்பது வேறொன்று.

மழலையர் ஆசிரியை:
ஆற்று மணல் என்கிறீர்கள். பெருங்குடியில் ஏழாவது மாடியில் குடியிருப்பவருக்கு ஆறும் இல்லை, வாசலும் இல்லை. நிலைப்படியில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறது. சுவரில் ஒரு கீறல் விழுந்தால் வீட்டுக்காரர் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார் என்ற அச்சத்தில், வாடகை வீட்டில் பிள்ளைக்குக் கிரையானே வாங்கித் தராத பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். பழைய வீடு தானாகவே கொடுத்ததை இன்றைய வீடு கொடுக்கவில்லை என்னும்போது, அதை வேறு யாராவது இடம் ஒதுக்கிக் கொடுக்கத்தான் வேண்டும். மாண்டிசோரியின் முறைகளில் பெரும்பகுதி மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து உருவானவை என்பதையும் மறக்கக் கூடாது.

சேலம் தாய்:
இடம் கொடுத்தால் சரி, ஆனால் கொடுக்கிறார்களா? என் மகன் போன பள்ளியில் ஆசிரியை அவன் உள்ளங்கையில் வண்ணம் பூசி, மணிக்கட்டைப் பிடித்துத் தாளில் அழுத்தி எடுத்து, பிறகு கண்ணும் மூக்கும் தாமே வரைந்து, ‘உங்கள் செல்லத்தின் யானை’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார். ஈரமான வண்ணம் கையில் படுவதே அவனுக்குப் பிடிக்காது. அழுத பிள்ளையின் கையைத்தான் பிடித்து அழுத்தியிருக்கிறார்கள். அந்த யானையில் என் மகனுடையது தோல் மட்டும்தான்.

ஐயவாதி:
அம்மா சொன்னது விதிவிலக்கு அன்று, நடைமுறை. பெற்றோருக்குப் படம் வேண்டும், பள்ளிக்குப் பெற்றோர் வேண்டும். அதற்கு மேல் நட்சத்திர ஸ்டிக்கர் வேறு. 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடத்திய சோதனையில், மார்க்கர் பேனாவால் வரைவதை இயல்பாகவே விரும்பிய மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பரிசு ஏதும் இன்றி அதே பேனாக்களை வைத்தபோது, பரிசுக்காக வரைந்தவர்கள், பரிசு பற்றியே அறியாதிருந்தவர்கள் செலவிட்டதில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். விருப்பத்தைக் கட்டணம் கட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டுமா?

மழலையர் ஆசிரியை:
அந்தச் சோதனை குற்றஞ்சாட்டுவது சான்றிதழை, பேனாவை அன்று. அதைப் படித்த பிறகுதான் எங்கள் பள்ளியில் ‘சூப்பர்’, ‘அழகு’ என்று சொல்வதைக்கூடக் குறைத்து, ‘இங்கே வேகமாக இழுத்திருக்கிறாய்’, ‘இந்த மூலையை மட்டும் விட்டுவிட்டாய்’ என்று கண்டதைக் கண்டபடி சொல்லப் பழகினோம். ‘இது என்ன?’ என்று கேட்பதும் இல்லை. அந்த வயதில் அது பெரும்பாலும் எதுவும் இல்லை. கேட்டால் பிள்ளை நம்மைத் திருப்திப்படுத்த ‘காக்கா’ என்று சொல்லிவைக்கும்.

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்:
கைத்திறன் குறைந்த பிள்ளைகளுடன் வேலை செய்பவன் என்ற முறையில், இருவரும் தொடாத சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒன்றரை வயதுவரை குழந்தை கிரையானை முழு முட்டியால் பிடித்துத் தோளிலிருந்து அசைக்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் விரல்கள் கீழ்நோக்கித் திரும்பும். மூன்று விரல் பிடி பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில்தான் வரும். நாம் போட்டுக் காட்டும் செங்குத்துக் கோட்டைப் பார்த்துப் போடுவது ஏறத்தாழ இரண்டு வயதில், வட்டத்தை நகலெடுப்பது மூன்றில், கூட்டல் குறி நான்கில், சதுரம் அதற்கும் பிறகு. ஆகவே இரண்டு வயதில் கோட்டுக்குள் வண்ணம் தீட்டச் சொல்லும் பள்ளி, அந்த வயதுக் கையைப் பற்றி எதுவும் அறியாத பள்ளி. விரல் நீளத்துக்கு உடைத்த தடித்த கிரையானும், சுவரில் குழந்தையின் மார்பளவில் ஒட்டிய பெரிய தாளும் போதும். செங்குத்துப் பரப்பில் கிறுக்கும்போது மணிக்கட்டு தானாகவே பின்னோக்கி வளைந்து வலுப்பெறுகிறது. மேசையில் இது எளிதில் நடப்பதில்லை.

ஐயவாதி ஐயாவின் கோலமாவு பற்றி ஓர் எச்சரிக்கை. இப்போது கடையில் விற்பது பெரும்பாலும் கல்லை அரைத்த மாவு. எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதுக்கு அதன் தூசி ஏற்றதன்று. அரிசி மாவு என்றால் வீட்டில் அரைத்ததாக இருக்கட்டும். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து சிவப்பு உண்டாக்கும் வழக்கத்தையும் இந்த வயதில் தவிர்க்க வேண்டும், சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கிவிடும். பீட்ரூட் சாறு போதும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பொம்மைகளில் உதிரிப் பாகம் தொண்டையில் சிக்குமா என்று பார்க்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் மணி, ஒட்டும் பிளாஸ்டிக் கண், பயறு ஆகியவற்றை மேசையில் பார்த்தால் பள்ளியில் கேள்வி கேளுங்கள்.

அங்கன்வாடிப் பணியாளர்:
இவ்வளவும் படித்தேன். கட்டணம் கொடுக்கலாமா என்று கேட்கும் வாய்ப்பு எங்கள் மையத்துப் பெற்றோருக்கு இல்லை. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டமே இருக்கிறது. படம், பாட்டு, மண், இலை எல்லாம் அதில் உண்டு. நடத்துவது ஒருவர், உதவிக்கு ஒருவர். எடை பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளின் விவரம் பதிய வேண்டும், சாப்பாடு சமைத்தாக வேண்டும். இலையில் வண்ணம் தொட்டு அச்சுப் போட உட்காரவைத்தால், கை கழுவிவிடவே ஓர் ஆள் வேண்டும். ‘வீட்டிலேயே கிடைக்கிறது’ என்று ஐயா எழுதும்போது, பகல் முழுவதும் பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டை நினைத்து எழுதுகிறார். ஐந்து வயது அக்கா இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலிருந்துதான் எங்களிடம் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு சிலேட்டும் சாக்பீஸும் அவர்கள் கையில் அரைமணி நேரம் இருந்தால் அன்று அந்தப் பிள்ளை வேறு மாதிரி இருக்கிறது. ஆய்வு எதையும் நான் காட்ட முடியாது, கண்டதைச் சொல்கிறேன்.

ஐயவாதி:
அம்மா, உங்கள் மையத்துக்கு இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்ற கோரிக்கையில் நான் முதலில் கையெழுத்துப் போடுவேன். பொதுப்பணத்தில் அது நடக்க வேண்டும் என்பதும், தனியார் பள்ளி மூளையின் பெயரால் பணம் கேட்பது சரி என்பதும் ஒன்றல்ல. என் எதிர்ப்பு கிரையானிடம் இல்லை. அதை வகுப்பாக்கி, நேரம் குறித்து, முடிவில் வீட்டுக்கு அனுப்ப ஒரு பொருள் வேண்டும் என்று ஆக்குவதிடம்தான்.

பெருங்குடி அப்பா:
அப்படியென்றால் பள்ளியில் நான் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மழலையர் ஆசிரியை:
வண்ண மேசை எப்போது திறந்திருக்கும் என்று கேளுங்கள். எங்களிடம் காலை முழுவதும் ஒரு மூலையில் இருக்கும். வரும் பிள்ளை வரும், இரண்டு நிமிடத்தில் எழுந்துபோகும், சில பிள்ளைகள் வாரக்கணக்கில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சேலம் அம்மாவின் மகனைப் போன்றவர்களுக்கு ஈர வண்ணத்துக்குப் பதில் ஒரு தூரிகையோ, தண்ணீர் தொட்டுத் தரையில் இழுக்க ஒரு துணியோ இருக்கும். இதற்கெல்லாம் செலவு உண்டு என்பதை ஐயவாதி ஐயா ஒத்துக்கொள்ள மறுக்கிறார். வண்ணமும் தாளும் மலிவு. மேசையருகே உட்கார்ந்து, கையைப் பிடிக்காமல், வாயில் போவதை மட்டும் தடுத்து, பிறகு துடைத்துக் கழுவும் ஆயாவின் சம்பளம்தான் அந்தக் கட்டணம். அந்த ஆளை உங்களுக்குக் காட்டினால் கொடுங்கள். ‘வியாழக்கிழமை பத்தரை மணி, இந்த வாரம் மீன்’ என்று கால அட்டவணையைக் காட்டினால் நானும் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஐயவாதி:
ஆயாவின் சம்பளம் என்றால் அது வழக்கமான கட்டணத்திலேயே அடங்க வேண்டும். தனியாக எழுதிய உடனே, அதற்கு ஈடாகச் சுவரில் ஒட்ட ஏதாவது தேவைப்படும். அது உங்கள் நல்ல பள்ளியிலும் ஒரு நாள் நடக்கும்.