பக்கப்பட்டியில் வழி தெரியாமல் தடுமாறும் பயனர்கள்

கேள்வி (ஹட்டன்):
வணக்கம். தேயிலைத் தோட்டமொன்றின் கொழுந்து நிறுவையைப் பதிவதற்காக நான் அமைத்த இணையச் செயலியின் இடப்பக்கப் பட்டியில் 14 இணைப்புகள் உள்ளன. திரையில் இடம் மிச்சமாகட்டும் என்று அவற்றை வெறும் சின்னங்களாகச் சுருக்கினேன். நேற்று மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நின்ற கணக்கப்பிள்ளை, தராசுச் சின்னத்துக்கும் மூட்டைச் சின்னத்துக்கும் வேறுபாடு தெரியாமல், ஈர விரலால் மூன்று முறை தவறான பக்கத்தைத் திறந்ததைக் கண்டு மிகவும் வருந்தினேன். எப்படித் திருத்தலாம்?

பதில் (பதுளை):
நண்பரே, சின்னத்துக்கு அருகிலேயே பெயரை எழுதுங்கள். சுட்டியை மேலே வைத்தால் தோன்றும் விளக்கம் தொடுதிரையில் உதவாது; அங்கே விரல் மேலே நிற்பதில்லை, நேராக அழுத்திவிடுகிறது. தமிழ்ப் பெயர்கள் நீளமானவை என்பதால், "நாளாந்தக் கொழுந்து நிறுவை" என்பதைப் பாதியில் வெட்டாமல் இரண்டு வரிகளாக மடிய விடுங்கள்.

பதில் (நுவரெலியா):
மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் இணையத்தைப் பயன்படுத்த உதவும் வகையில் 2023இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 வழிகாட்டி, தொடும் இடத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் கேட்கிறது. மழையிலும் குளிரிலும் வேலை செய்பவர்களுக்கு அதன் இருமடங்கைக் கொடுப்பதே நியாயம். திறந்திருக்கும் பக்கத்தை நிறத்தால் மட்டுமன்றித் தடித்த எழுத்தாலும் காட்டுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அன்றாடம் வேண்டிய நான்கைப் பெயருடன் மேலே வைத்து, மாத அறிக்கைகளை ஒரே தலைப்பின் கீழ்ச் சேர்த்துவிட்டேன். நாளை மடுவத்தில் அவரிடமே கொடுத்துப் பார்க்கிறேன்.